ஹிக்ஸ் மைதானம்

ஆட்டத்துக்கு இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தபோதுதான், தாங்கள் இத்தனை நாள் குடியிருந்தது வீடுகளில் அல்ல, ஒரு விளையாட்டு மைதானத்தின் நடுவில் என்பது டாலா லைன்காரர்களுக்குத் தெரிய வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், லீமிங் அரிசி மில்லின் சங்கு ஊதி ஓய்ந்ததும், மேஸ்திரி மாரிச்சாமி, மில் கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு நடுவில் ஒரு காலி மண்ணெண்ணெய்ப் பெட்டியைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். அவர் பெட்டி மேல் ஏறினால் கெட்ட சேதி. நல்ல சேதியாக இருந்தால் தரையில் நின்றே சொல்வார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அப்படி ஒன்று இதுவரை வராததால் அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஆற்றுக்கு அக்கரையில் ரங்கூன் கிளப் மைதானத்தில், ரக்பிக் கோப்பையின் கடைசி ஆட்டம். மில் வெள்ளைக்காரர்கள் பதினைந்து பேரும் மரக்கம்பெனி வெள்ளைக்காரர்கள் பதினைந்து பேரும் ஆடப்போகிறார்கள். மில் ஜெயித்தால் லண்டன் தலைமை ஆபீஸ் மனம் குளிர்ந்து, கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு மைதானம் போட்டுத் தரும். டாலாக் கரையில் கம்பெனிக்கு இருக்கிற நிலத்தில் வெள்ளம் ஏறாத சமதரை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் தற்சமயம் லைன் வீடுகள் இருக்கின்றன.

‘தற்சமயம்’ என்ற வார்த்தையை மேஸ்திரி மிகுந்த மரியாதையோடு சொன்னார். அது பெரிய துரையின் வாயிலிருந்து நேராக வந்த வார்த்தை.

“அப்ப நாங்க எங்க போறது?” என்று கேட்டாள் ராமாயி. லைனில் யாருக்கும் வாய் வராதபோது அவளுக்கு வரும்.

“ஓடைக்கு அந்தாண்ட. உமிமேட்டுக்கு.”

“அங்க தண்ணி ஏறுமே, மேஸ்திரி.”

“ஏறுனா எறங்காதா? அது என்ன அங்கேயே குடித்தனம் பண்ணவா போவுது?”

“அது பண்ணாது. நாங்கதானே பண்ணணும்.”

மேஸ்திரி அதைக் காதில் வாங்கவில்லை. சனிக்கிழமை எல்லோருக்கும் அரை நாள் லீவு. பெண்டு பிள்ளைகளும் வர வேண்டும். ஆற்றைக் கடக்கச் சம்பான் படகுகளைக் கம்பெனியே பிடித்துத் தருகிறது. வேலியோரம் நின்று மில் ஜெயிக்க வேண்டும் என்று சத்தம் போட வேண்டும். போன ஆட்டத்தில் மரக்கம்பெனிக்கு அவர்களுடைய ஆட்கள் வந்து கத்தினார்களாம். பெரிய துரைக்கு அது மனசில் தைத்துவிட்டது. “எவன் வாயத் தொறக்கலைன்னு நான் பாத்துக்கிட்டே இருப்பேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கம்பெனி ஆபீசில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி நல்லையா பெட்டிக்குப் பக்கத்தில் குடையோடு நின்றிருந்தார். மேஸ்திரி ஏதாவது தப்பாகச் சொன்னால் திருத்துவதற்காக அவரை அனுப்பியிருந்தார்கள். மேஸ்திரி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது அவருக்கே வருத்தமாக இருந்தது.

“கிராணி ஐயா, கோப்பை வரலைன்னா?” என்று யாரோ கேட்டார்கள்.

“வரலைன்னா மைதானமும் வராது. லண்டன்காரங்க கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. தோத்த கம்பெனிக்கு மைதானம் எதுக்கு?”

அன்று சாயங்காலமே லைன் காளியம்மனுக்கு மரக்கம்பெனியின் பேரில் தேங்காய் உடைக்கப்பட்டது. பதினைந்து வெள்ளைக்காரர்களின் பெயரும் நட்சத்திரமும் தெரியாததால் பூசாரி ‘மரம்’ என்று பொதுவாகச் சொல்லி அர்ச்சனை செய்தார்.

தனபாக்கியம் அந்தத் தேங்காய் மூடியில் பங்கு வாங்கிக்கொள்ளவில்லை. அவள் இஞ்சின் துரை வீட்டுச் சமையல்காரி. மில் ஜெயிப்பதாக இருந்தால் இஞ்சின் துரையால்தான் ஜெயிக்கும் என்பது ஊருக்கே தெரியும். அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு அவர் தோற்க வேண்டும் என்று பிரசாதம் தின்பது அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் உமிமேடும் இறங்கவில்லை. டாலாவுக்கு வந்த புதிதில் அவர்கள் அங்கேதான் குடிசை போட்டிருந்தார்கள். அமாவாசையில் கடல் ஏறும்போது ஆறு பின்னால் வந்து ஓடையில் ஏறி, ஓடை குடிசையில் ஏறியது. தண்ணீர் சொன்னபடி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த காய்ச்சல் இறங்கவில்லை. அது அவள் புருஷனைக் கொண்டுபோயிற்று. மிச்சம் இருப்பது ஆறு வயதில் ஒரு மகள். அவளை அந்த உமிச்சேற்றில் மறுபடி படுக்க வைக்க வேண்டும் என்பதை நினைக்கும்போதெல்லாம் தனபாக்கியத்துக்குக் கை வேலை நின்றுவிடும்.

இஞ்சின் துரையின் பெயர் ஹிக்ஸ். மூக்கு ஒரு பக்கமாக உடைந்து ஆறியது. காது இரண்டும் எண்ணெயில் சரியாகப் பொங்காத பூரி போல இருக்கும். லங்காஷயரில் ஏதோ ஒரு பஞ்சாலை ஊரிலிருந்து வந்தவர். கொதிகலன் ஆட்களிடம் தமிழ் கற்றதால் அவருடைய தமிழில் உத்தரவும் வசவும் மட்டும் சுத்தமாக இருக்கும். மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் வரும். மற்ற துரைமார் பேசும் இங்கிலீஷும் அவர் பேசும் இங்கிலீஷும் வேறு வேறு என்று நல்லையா சொல்வார். ஆகவே முதல் மூன்று வருஷம் கிளப் வாசலில் அவரை யாருக்கும் தெரியாமலிருந்தது. போன மழைக்காலத்தில் மில் வாசலில் உருண்டு வந்த ஒரு பந்தை அவர் காலால் திருப்பி அனுப்பினார். அது குடோன் கூரையைத் தாண்டிப் போனதைப் பெரிய துரை பென்ரோஸ் பார்த்தார். மறுவாரம் கிளப்பில் எல்லோருக்கும் ஹிக்ஸை நன்றாகத் தெரிந்துவிட்டது.

அந்த மழைக்காலத்தில்தான் ஒரு நாள் ஆட்டம் முடிந்து, தோள் வீங்கி வந்து உட்கார்ந்தார். தனபாக்கியம் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடத்துக்குக் கொடுத்தாள்.

“இவ்வளவு அடி வாங்குறீங்களே துரை, என்ன சம்பளம் தர்றாங்க?”

அவர் சிரித்தார். “இங்க சம்பளம் இல்ல. சும்மா.”

“சும்மாவா? சும்மாவா தோளை ஒடச்சுக்கிட்டு வர்றீங்க?”

ஒத்தடத்தின் சூட்டிலோ என்னவோ, அவர் அன்று வாய் திறந்து பேசினார். அவர் ஊரில் வேறு ஒரு ரக்பி உண்டு. பதினைந்து பேர் இல்லை, பதின்மூன்று பேர். சுரங்கக்காரன், ஆலைக்காரன், வண்டிக்காரன் ஆடுவது. வேலையை விட்டுவிட்டு ஆட வருகிறவனுக்கு வயிறு இருக்கிறது என்பதால் அதற்குக் கூலி உண்டு. ஜெயித்தால் இன்னும் கூடுதல். அதில் பதினோரு வருஷம் ஆடினாராம். ஒரு வருஷம் அவர் ஊர் அணி கடைசி ஆட்டம் வரை போய் ஜெயித்தது. ஊரே தெருவில் நின்றது. அந்தக் காசில் அம்மாவுக்கு இரும்பு அடுப்பு வாங்கிக் கொடுத்தேன் என்றார். சொல்லிவிட்டு, ஏதோ களவாடியதைச் சொல்லிவிட்டவர் மாதிரி வாசல் பக்கம் பார்த்தார்.

“இது யார்கிட்டயும் சொல்லாதே. கிளப் ஆளுங்களுக்குத் தெரியக் கூடாது.”

சரி என்றாள். ஏன் என்றுதான் புரியவில்லை. அவளுக்குத் தெரிந்த வரையில், வேலை செய்து கூலி கிடைக்காமல் போனால்தான் மனிதர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். கூலி வாங்கியதை மறைக்கிற ஆளை அவள் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தாள். துரைமார் வழக்கம் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அதை யாரிடமும் சொல்லவுமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தட்டை வைத்துவிட்டு அவள் நகராமல் நின்றாள்.

“என்ன? உப்பு இல்லையா?”

“உப்பெல்லாம் இருக்கு. துரை, நாளைக்கு நீங்க ஜெயிச்சா எங்க லைனை இடிச்சிடுவாங்களாம்.”

அவருக்குத் தெரியாது. முட்டையை வாய்க்குப் பாதி வழி கொண்டுபோன கை அப்படியே நின்றது. மைதானம் வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். எங்கே என்று சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பெரிய துரையைப் பார்க்கச் சம்பான் ஏறி ரங்கூன் ஆபீசுக்கே போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. மத்தியானம் திரும்பி வந்து, நனைந்த தொப்பியை மேசை மேல் வைத்தார்.

“பேசுனேன்.”

“என்ன சொன்னாரு?”

“ரொம்ப அன்பாப் பேசுனார். சுருட்டுக் குடுத்தார்.” சுருட்டை எடுத்துத் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். “புது மைதானத்துக்கு என் பேர் வைக்கப் போறாராம். ஹிக்ஸ் மைதானம்.”

தனபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. அது அவ்வளவு நல்ல சிரிப்பாக இல்லை. “எங்க வீட்டு மேலயா?”

அவர் தொப்பியைத் திருப்பி அதிலிருந்த தண்ணீரை உதறினார்.

“அப்ப தோத்துடுங்க துரை. ஒரே ஒரு நாள்.”

“தோக்க முடியாது.”

“தோக்கத் தெரியாதா உங்களுக்கு? லைன்ல வந்து கேளுங்க, நாங்க சொல்லித் தர்றோம்.”

“தோக்கத் தெரியும். நெறைய தோத்திருக்கேன். வேணும்னு தோக்கத் தெரியாது.” அவருக்குத் தமிழ் போதவில்லை. கையால் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். “என் ஊர்ல ஒருத்தன் வேணும்னு தோத்தான். காசு வாங்கிட்டுத் தோத்தான். அப்புறம் அவன் கடைக்குப் போனா யாரும் பக்கத்துல நிக்க மாட்டாங்க. அவன் அம்மாகிட்ட யாரும் பேச மாட்டாங்க. நான் காசு வாங்குனேன், ஆடுனேன். நல்லா ஆடுனேன். அதுல திருட்டு இல்ல. இது திருட்டு.”

“வீட்டைப் புடுங்கறது?”

“அதுவும் திருட்டு,” என்று ஒப்புக்கொண்டார் ஹிக்ஸ். “ஆனா அது நான் பண்ற திருட்டு இல்ல.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நியாயமான மனிதரிடம் உதவி கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று அவளுக்குத் தெரிந்தது. அயோக்கியனாக இருந்தால் இந்நேரம் ஏதாவது பேசி முடித்திருக்கலாம்.

சனிக்கிழமை நல்ல மழை. லைன் ஜனங்கள் சம்பான்களில் நெருக்கி உட்கார்ந்து, தங்கள் வீடு இடிபடுவதற்காகக் கத்துவதற்கு ஆற்றைக் கடந்தார்கள். தனபாக்கியம் மகளை மடியில் வைத்துக்கொண்டு ராமாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நல்லையா குடையைப் பாதி அவர்களுக்கும் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை விளக்கிக்கொண்டு வந்தார். அவர் ஆடியவரில்லை. ஆனால் கிளப்பின் ரக்பி விதிகளைப் பெரிய துரைக்காக மூன்று முறை டைப் அடித்தவர்.

“பந்து முட்டை மாதிரி இருக்கும். அதைக் கையில எடுத்துக்கிட்டு ஓடணும். எதிராளி கோட்டுக்கு அந்தாண்ட கொண்டுபோய்த் தரையில வச்சா மூணு. வச்சப்புறம் ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சுட்டா இன்னும் ரெண்டு. தடுக்கறவன் புடிச்சுத் தள்ளலாம், மிதிக்கலாம்.”

“முடிஞ்சப்புறம் போலீசு வருமா?” என்றாள் ராமாயி.

“முடிஞ்சப்புறம் கை குலுக்குவாங்க.”

“சரி, மிதி வாங்கறவனுக்கு என்ன குடுப்பாங்க?”

“ஒண்ணும் கிடையாது. அதுதான் இந்த ஆட்டத்தோட பெருமையே.” நல்லையா குரலைத் தாழ்த்தினார். மற்றவர்கள் கோயில் விஷயம் பேசும்போது தாழ்த்துவது போல. “காசு வாங்கி ஆடறது பெரிய பாவம். வாழ்க்கையில ஒரு தடவை, எந்த ஊர்லயாவது, ரக்பிக்குக் கூலின்னு ஒரு காசு கை நீட்டி வாங்கியிருந்தாலும் அவன் அவ்வளவுதான். எந்தக் கிளப்பும் சேத்துக்காது. தெரிஞ்சே அவனோட சேந்து ஆடுனவங்களுக்கும் அதே கதி. தெரியாம ஆடியிருந்தாலும் அவன் இருந்து ஜெயிச்ச ஆட்டம் எதுவும் ஜெயிச்சதா ஆகாது. கோப்பையைத் திருப்பிக் குடுக்கணும்.”

ராமாயி வாயில் கை வைத்தாள். “அடி ஆத்தே. அவங்களுக்கும் தீட்டு உண்டா? நமக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

“தொட்டாலே ஒட்டிக்குமா, கிராணி ஐயா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“பந்து வழியா ஒட்டிக்கும்.”

“குளிச்சாப் போயிருமா?”

“சாகற வரைக்கும் போகாது.”

சம்பான் முழுக்கச் சிரிப்பு. தனபாக்கியம் சிரிக்கவில்லை. மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்தது. ஒரு வருஷமாக எதற்கும் உதவாமல் அவள் வயிற்றுக்குள் கிடந்த ஒரு பேச்சு இப்போது எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்தது.

“என்னடி பாக்கியம், ஆத்துத் தண்ணி ஒத்துக்கலையா?” என்றாள் ராமாயி.

“ஒண்ணுமில்லக்கா.”

மரக்கம்பெனி ஜெயித்துவிட்டால் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவளும் மரத்துக்காக வேண்டிக்கொண்டாள். தேங்காய் தின்னாததற்காகக் காளியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்பினாள்.

கிளப் மைதானத்தில் ஒரு பக்கம் கூடாரம், அதன் கீழே நாற்காலிகள், அவற்றில் துரைமாரும் துரைசானிமாரும். மறுபக்கம் வேலி, வேலிக்கு வெளியே சேறு, சேற்றில் மில் ஆட்களும் மரக்கம்பெனி ஆட்களும். நடுவில் முப்பது பேர் கழுத்தைக் கட்டிக்கொண்டு பந்தயமாட்டுக் கும்பல் மாதிரி முட்டிக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷத்தில் யார் மில், யார் மரம் என்று தெரியாத அளவுக்கு எல்லோரும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டார்கள். இதற்காகவா இவர்களைக் கப்பலேற்றி ஆறாயிரம் மைல் அனுப்பினார்கள் என்று ராமாயி கேட்டாள். மேஸ்திரி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் உடனே “மில்லு! மில்லு!” என்று கத்தினாள்.

இடைவேளைக்கு முன்பே மரக்கம்பெனி ஆறு எடுத்துவிட்டது. மில்லுக்கு ஒன்றும் இல்லை. லைன் ஜனங்கள் அவ்வளவு உற்சாகமாகக் கத்தியதை மேஸ்திரி வாழ்நாளில் கேட்டதில்லை. ராஜபக்தி என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கியது.

இடைவேளைக்குப் பிறகு ஹிக்ஸ் வேலையை ஆரம்பித்தார். மற்றவர்கள் ஆடினார்கள், அவர் ஷிப்டில் நிற்கிறவர் மாதிரி இருந்தார். அவசரமில்லை, சத்தமில்லை. எவன் எந்தப் பக்கம் விழுவான் என்று தெரிந்து அங்கே தோளைக் கொடுத்தார். கூட்டத்திலிருந்து பந்தைப் பிடுங்கி இன்னொரு மில்காரனிடம் தள்ள, அவன் ஓடிப் போய்க் கோட்டுக்கு அப்பால் விழுந்தான். மூன்று. கம்பத்துக்கு உதைத்தது ஒரு கணக்குப்பிள்ளைத் துரை. அது காக்கையை விரட்டியதோடு சரி.

ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் ஹிக்ஸே பந்தை வாங்கினார். ஒருவனை உதறினார், இன்னொருவனை முதுகில் சுமந்துகொண்டே நடந்தார், அவனோடு சேர்ந்தே கோட்டுக்கு அப்பால் சாய்ந்தார். ஆறுக்கு ஆறு. கூடாரத்தில் நாற்காலிகள் எல்லாம் எழுந்து நின்றன.

“சமம் ஆச்சுன்னா?” என்று கேட்டாள் தனபாக்கியம். நல்லையாவின் சட்டையைப் பிடித்திருந்தது அவளுக்கே தெரியவில்லை.

“சமம்னா போன வருஷம் ஜெயிச்சவங்ககிட்டயே கோப்பை இருக்கும். அது மரக்கம்பெனி. இப்ப இவர் உதைக்கணும். கம்பத்துக்கு நடுவுல போனா நம்ம ஜெயிச்சோம்.” ‘நம்ம’ என்று சொன்னதும் அவருக்கே வாய் கசந்தது.

கோட்டுக்கு அப்பால் விழுந்த இடத்துக்கு நேராகத்தான் உதைக்க வேண்டும் என்பதால், ஹிக்ஸ் பந்தை வைத்த இடம் மைதானத்தின் ஓரம். கம்பம் அங்கிருந்து ஒரு விரல் அகலத்துக்குத்தான் தெரியும். மழை, சேறு, எதிர்க்காற்று. தவறினால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். தவறுவதுதான் இயல்பு. தனபாக்கியம் மனதுக்குள் ‘காலைக் கொஞ்சம் கோணலா வையி, ஐயா’ என்று கெஞ்சினாள். அவர் வேலிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். லைன் ஜனங்கள் ஒருவர் கூட வாய் திறக்கவில்லை. மேஸ்திரியே மறந்துபோய்ச் சும்மா நின்றார். பிறகு ஹிக்ஸ் குனிந்து, பந்து மேலிருந்த சேற்றை உள்ளங்கையால் துடைத்தார். அவர் கொதிகலன் வால்வைத் துடைக்கும்போதும் அப்படித்தான் துடைப்பார். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பந்து இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவே போயிற்று.

“கத்துங்கடா!” என்றார் மேஸ்திரி. லைன் ஜனங்கள் கத்தினார்கள். தங்கள் கூரைக்கும் அடுப்புக்கும் வாசலில் வைத்த முருங்கைக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள்.

பரிசு கொடுக்கும்போது மழை விட்டிருந்தது. பென்ரோஸ் துரைக்கு அன்று மனம் விரிந்துபோயிருந்ததால், மில் ஆட்களை வேலிக்கு உள்ளே, கயிறு கட்டிய இடம் வரைக்கும் வர அனுமதித்தார். அவர் இங்கிலீஷில் பேசினார். நல்லையா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

“விளையாட்டுக்காக நீங்க எல்லாரும் சந்தோஷமா வீட்டை விட்டுக் குடுத்ததுக்குப் பெரிய துரை நன்றி சொல்றார்.”

“எப்ப குடுத்தோம்?” என்றாள் ராமாயி.

“இப்பத்தான்,” என்றார் நல்லையா. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. “திங்கக்கிழமை வேலை ஆரம்பிக்குதாம். கை தட்டுங்க.”

தட்டினார்கள்.

ஹிக்ஸ் கோப்பையை வைத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவில் நின்றார். ஒரு சின்னத் துரை அவர் தலைக்கு மேல் குடை பிடித்திருந்தார், மழை நின்றதைக் கவனிக்காமல். கிளப்பின் மூத்த துரைகள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் முகம் சேற்றுக்கு அடியில் சிவந்திருந்தது. நாலு வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்துத் தனபாக்கியம் பார்த்ததில்லை. அந்தப் பேச்சை எடுத்து வெளியே வைத்தால் முதலில் அந்தக் குடை போகும். பிறகு கைகள் போகும். பிறகு வேலையும் போகலாம். அதோடு அவள் அடுப்பும் அணையும். அதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. இடுப்பிலிருந்து இறங்கி நின்ற மகள் ஈரத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

அப்போது பென்ரோஸ் துரைசானிக்கு ஒரு ஆசை வந்தது. இப்படி ஒரு பலசாலிக்குச் சோறு போடுகிறவள் யார், அவளைக் கூப்பிடுங்கள் என்றாள். ஹிக்ஸ் விரலால் காட்டினார். தனபாக்கியம் கயிற்றுக்கு முன்னால் தள்ளப்பட்டாள்.

“ஏம்மா, துரைசானி கேக்கறாங்க,” என்றார் நல்லையா. “என்ன ஆக்கிப் போட்டு அவரை இப்படி ஆட வச்சேன்னு.”

எல்லோரும் சிரித்தபடி அவளைப் பார்த்தார்கள். அவள் ஹிக்ஸை மட்டும் பார்த்தாள்.

“நான் போடறது சோறும் கருவாட்டுக் கொழம்பும்தான்,” என்றாள். குரல் முதலில் தணிந்து வந்தது, பிறகு நிமிர்ந்தது. “இந்த ஆட்டம் என் சோத்துல வந்தது இல்லம்மா. அவரு ஊர்ல இதுக்குன்னே கூலி வாங்கி ஆடுன கை தேர்ந்த ஆளு. பதினோரு வருசம். ஒழைச்சு வாங்குன காசு. அதுல பெத்த தாய்க்கு அடுப்பு வாங்கிக் குடுத்த மனுசன்.”

கயிற்றுக்கு இந்தப் பக்கம் சட்டென்று பேச்சு நின்றது. சம்பானில் வந்தவர்கள் எல்லோருக்கும் தீட்டைப் பற்றித் தெரியும். ராமாயி தனபாக்கியத்தின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் துரைசானி ஆவலோடு நல்லையாவைப் பார்த்தாள்.

நல்லையாவின் உதடு வெளுத்துவிட்டது. அவருக்கு ரங்கூனில் லத்தாப் பேட்டையில் வாடகை வீடும், நாலு பெண் குழந்தைகளும், கிளப் விதிகளை மூன்று முறை டைப் அடித்த அறிவும் இருந்தன. துரைசானி பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார். சோறு, ஆட்டுக்கறி, நிறைய நெய் என்கிறாள், அம்மணி.

கூடாரம் முழுக்கச் சிரித்தது. நெய்! என்று துரைசானி கை கொட்டினாள். பென்ரோஸ் துரை, இனி கம்பெனி ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் நெய்தான் என்றார். அதற்கும் சிரித்தார்கள். தனபாக்கியத்துக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு, அவள் சொன்னதற்கு வரக்கூடிய சிரிப்பு இல்லை என்று புரிந்தது. நல்லையா அவளைப் பார்க்காமல் குடையின் கைப்பிடியைப் பார்த்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஹிக்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய தமிழ் கொதிகலன் தமிழ்தான். ஆனால் கூலி, காசு, தாய், அடுப்பு என்பதெல்லாம் அதில் உண்டு. அவர் தனபாக்கியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு பக்கத்து நாற்காலியில் கோப்பையை வைத்தார். தலைக்கு மேலிருந்த குடையைக் கையால் விலக்கினார்.

“நல்லையா,” என்றார் தமிழில், “அவ சொன்னது அது இல்ல.”

பிறகு கூடாரத்தின் பக்கம் திரும்பி, மற்ற துரைமாருக்குப் பழகாத அந்த ஊர் இங்கிலீஷில், கடைசி நாற்காலிக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“நான் பதினோரு வருஷம் காசு வாங்கிக்கொண்டு ரக்பி ஆடியவன்.”